நோட்டுப் புத்தகம் நூலாவது எப்படி?

கதை எழுதும் பிள்ளைகளும் அவர்களைப் பெற்றவர்களும் அறிய வேண்டிய செய்திகள்

சாயங்காலம் 5 மணிக்குச் சரவணம்பட்டியில் நின்று பாருங்கள். சத்தியமங்கலம் சாலையில் கால் வைக்க இடம் இராது. ஒரு பக்கம் கல்லூரி பஸ்கள். மறு பக்கம் கம்ப்யூட்டர் கம்பெனிகளிலிருந்து திரும்பும் வண்டிகள். நடுவே டீக்கடை, பேக்கரி, கூட்டம், கூச்சல்!

ஒரு காலத்தில் காடும் தோட்டமுமாக இருந்த ஊர் இது. 1984-ம் ஆண்டில் இங்கே குமரகுரு பொறியியல் கல்லூரி தொடங்கியது. பிறகு கல்லூரிகள் பெருகின. கம்பெனிகள் வந்தன. 2011-ல் ஊரே கோவை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது.

இந்தக் கூட்டத்தில் ஒரு பெண் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்குப் பெயர் வேண்டாம். இப்படி ஒரு பெண்ணோ பையனோ எந்தத் தெருவிலும் இருக்கக்கூடும். தோளில் பை. பைக்குள் பாடப் புத்தகங்கள். அவற்றுக்கு அடியில் ஒரு நோட்டு. அதில் பதினோரு சிறுகதைகள்! அவளுடைய அப்புச்சி சொன்ன பழைய சங்கதிகளைக் கொண்டு அவளே எழுதியவை.

ஒரு நாள் அவளுடைய கைபேசிக்குச் செய்தி ஒன்று வருகிறது. "வாழ்த்துகள்! தங்கள் கதைகள் தேர்வாகியுள்ளன. ரூ.40,000 செலுத்தினால் நூறு பிரதிகளுடன் தாங்களும் எழுத்தாளர் ஆகலாம். இன்றே கடைசி நாள்."

பெண் துள்ளிக் குதிக்கிறாள். அம்மா தன் கையிலுள்ள வளையலைப் பார்க்கிறாள். அப்பா கணபதிப் பக்கம் லேத்துப் பட்டறையில் வேலை செய்கிறவர். அவர் மட்டும் நிதானமாக ஒரு கேள்வி கேட்கிறார்.

"அம்மிணி, புஸ்தகம் போட்டா அவங்க நமக்குக் காசு குடுக்கோணுமா? நாம அவங்களுக்குக் குடுக்கோணுமா?"

சரியான கேள்வி! புத்தக உலகத்தின் சூட்சுமம் முழுவதும் இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

தமிழ் படிக்கும் மாணவர்களுக்குப் பல கல்லூரிகளில் "படைப்பிலக்கியம்" என்று ஒரு பாடமே இருக்கிறது. கதை எழுதுவது எப்படி, கவிதை எழுதுவது எப்படி என்று ஆசிரியர்கள் சொல்லித் தருகிறார்கள். ஆனால் எழுதிய கதையை யாரிடம் கொண்டுபோவது? அதை யார் சொல்லித் தருவார்கள்? அதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அச்சிடுவது வேறு, பதிப்பிப்பது வேறு

முதலில் அப்பாவின் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவோம். அவருடைய பட்டறையையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

ஒருவர் இரும்பைக் கொண்டுவந்து கொடுக்கிறார். "இந்த அளவுக்குக் கடைந்து கொடுங்கள்" என்கிறார். பட்டறைக்காரர் கடைந்து கொடுத்துக் கூலி வாங்கிக்கொள்கிறார். அந்தச் சாமான் விற்றாலும் விற்காவிட்டாலும் பட்டறைக்காரருக்குக் கவலை இல்லை. அச்சகம் செய்வது இந்த வேலை.

பம்ப் கம்பெனி நடத்துகிறவர் அப்படி அல்ல. அவர் தம் கைப்பணத்தைப் போடுகிறார். தம் கம்பெனிப் பெயரில் பம்ப் செய்கிறார். கடை கடையாக அனுப்பி விற்கிறார். விற்காவிட்டால் நஷ்டம் அவருக்கு. பதிப்பாளர் செய்வது இந்த வேலை.

பதிப்பாளர் கதையைப் படித்துப் பார்க்கிறார். "இது விற்கும், அல்லது விற்காவிட்டாலும் நல்ல எழுத்து, வெளிவர வேண்டும்" என்று நம்புகிறார். தம் பணத்தைப் போட்டு அச்சிடுகிறார். விற்ற பணத்தில் ஒரு பங்கை எழுதியவருக்குக் கொடுக்கிறார். அந்தப் பங்குக்கு "ராயல்டி" என்று பெயர். அதாவது பணம் பதிப்பாளரிடமிருந்து எழுத்தாளருக்கு வர வேண்டும்!

இந்த இருவருக்கும் நடுவே மூன்றாவது வகை ஒன்று உண்டு. எழுதியவரிடமே பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போட்டுக் கொடுப்பவர்கள். இது குற்றம் அல்ல. "நாங்கள் கூலிக்குப் புத்தகம் செய்து தருகிறோம், விற்பது உங்கள் பொறுப்பு" என்று வெளிப்படையாகச் சொன்னால் அது நேர்மையான தொழில்தான். பேரப் பிள்ளைகளுக்காகத் தன் வாழ்க்கையை எழுதி 50 பிரதி போட்டுக்கொள்ள நினைக்கும் பெரியவருக்கு அது பேருதவி. இன்றைய இயந்திரங்களில் 50 பிரதி, 100 பிரதி மட்டும் அச்சிடவும் முடியும்.

ஆனால் கூலி வேலையைச் செய்துகொண்டு, "உங்கள் கதையைத் தேர்ந்தெடுத்தோம்" என்று சொல்வதுதான் கூடாது. தேர்ந்தெடுக்கப்பட்டது கதை அல்ல; பணப்பை!

கணக்குப் போட்டுப் பாருங்கள்

நம் பெண்ணின் வீட்டில் ரூ.40,000 கட்டுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 பிரதி வருகிறது. ஒரு பிரதியின் விலை ரூ.200. நூறும் முழு விலைக்கு விற்றுப்போனாலும் கைக்கு வருவது ரூ.20,000. மீதி ரூ.20,000 நஷ்டம். கடையில் கொடுத்து விற்றால், கடைக்காரருக்குக் கழிவு கொடுக்க வேண்டும். நூற்றுக்கு 35 என்று வைத்தால் கைக்கு வருவது ரூ.13,000. மீதிப் பிரதிகள் கட்டிலுக்கு அடியில் கிடந்தால், அதுவும் இல்லை!

இப்போது மறு பக்கத்தைப் பாருங்கள். பதிப்பாளர் ஒருவர் தம் செலவில் அதே புத்தகத்தை வெளியிடுகிறார். ராயல்டி நூற்றுக்குப் பத்து என்று ஒப்பந்தம். ஒரு பிரதிக்கு ரூ.20. ஓர் ஆண்டில் 300 பிரதி விற்றால் ரூ.6,000 வரும். பெரிய தொகை அல்ல. முதல் புத்தகம் யாருக்கும் வீடு கட்டித் தருவது இல்லை. ஆனால் அம்மாவின் வளையல் அம்மாவின் கையிலேயே இருக்கும்!

கல்லூரிகளைச் சுற்றி இன்னொரு வலையும் வீசப்படுகிறது. "ஐம்பது இளங்கவிஞர்களின் தொகுப்பு. ஆளுக்கு ரூ.500 செலுத்துங்கள். சான்றிதழும் உண்டு" என்பார்கள். ஐம்பது பேர் கொடுத்தால் ரூ.25,000. பிறகு அந்த ஐம்பது பேரே பிரதிகளையும் விலை கொடுத்து வாங்குவார்கள். வெளியே ஒரு வாசகர்கூட அதைக் கண்ணால் பார்க்காமல் போகலாம். சான்றிதழ் சுவரில் தொங்கும். கவிதை எங்கே போயிற்று?

முதல் படி பத்திரிகை

"அப்படியானால் எங்கே தொடங்குவது?" என்று கேட்பீர்கள். பத்திரிகையில் தொடங்குங்கள்! பெயர் பெற்ற எழுத்தாளர்கள் பலர் அந்தப் படியில் ஏறி வந்தவர்கள்தாம்.

கோவையில் வாழும் நாஞ்சில் நாடன் அவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். பம்பாயில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தவர். அவருடைய முதல் சிறுகதை "விரதம்" 1975-ல் "தீபம்" இதழில் வந்தது. அடுத்து 1977-ல் "தலைகீழ் விகிதங்கள்" என்ற நாவல் வெளியாயிற்று. 2010-ல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. முதல் கதைக்கும் விருதுக்கும் இடையே 35 ஆண்டுகள்! "இன்றே கடைசி நாள்" என்று அவசரப்படுத்துகிறவர்களிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

திருச்செங்கோட்டுப் பகுதியில் 1966-ல் பிறந்தவர் பெருமாள்முருகன். அவருடைய முதல் கதை 1988-ல் "கணையாழி"யில் வந்தது. முதல் நாவல் "ஏறுவெயில்" 1991-ல் வந்தது. இன்று அவருடைய நூல்களைப் பல நாட்டினர் படிக்கிறார்கள். "பூக்குழி" நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023-ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம் பெற்றது. கொங்குச் சீமையின் பேச்சு உலகத்தை எட்டிவிட்டது!

பத்திரிகைக்குக் கதை அனுப்புவதால் என்ன லாபம்? முன்பின் தெரியாத ஒருவர் நம் எழுத்தைப் படிக்கிறார். அவர் நம் மாமாவும் அல்ல, சிநேகிதரும் அல்ல. பிடித்தால்தான் போடுவார். பிறகு பதிப்பாளரிடம் போகும்போது, "என் கதைகள் இன்னின்ன இதழ்களில் வந்தன" என்று சொல்லலாம். அதைவிடச் சிறந்த சிபாரிசு வேறு இல்லை.

திரும்பி வந்தால் அழ வேண்டாம். பத்திரிகை ஆசிரியரின் மேசையில் கதைகள் மலையாய்க் குவியும். அவற்றில் சிலவற்றுக்குத்தான் இடம் இருக்கும். ஒரு வாரம் கழித்து அதே கதையை நீங்களே மறுபடி படியுங்கள். எங்கே சலிக்கிறதோ அங்கே வெட்டுங்கள். பிறகு வேறு இதழுக்கு அனுப்புங்கள். ஒரே கதையை ஒரே சமயத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்பாதீர்கள். இரண்டிலும் வந்துவிட்டால் இரண்டு வாசலும் மூடிக்கொள்ளும்!

கோவை மண் காட்டிய வழி

புத்தகம் என்றால் சென்னைக்குத்தான் போக வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கோவையின் கதை வேறு.

ஆர். சண்முகசுந்தரம் கொங்கு நாட்டுக் குடியானவர்களின் பேச்சை நாவலில் கொண்டுவந்தவர். அவருடைய "நாகம்மாள்" 1942-ல் எழுதப்பட்டது. அவரும் அவருடைய தம்பியும் கோவையிலேயே "வசந்தம்" என்ற இதழை நடத்தினார்கள். "புதுமலர் நிலையம்" என்ற பெயரில் புத்தகங்களும் வெளியிட்டார்கள். எழுத்தாளரே பத்திரிகைக்காரரும் பதிப்பாளருமாக இருந்தார்!

1971-ல் இன்னொரு அதிசயம் நடந்தது. கோவையில் கவிஞர்கள் சிலர் கூடி "வானம்பாடி" என்று ஓர் இதழ் தொடங்கினார்கள். புவியரசு, ஞானி, சிற்பி, மு. மேத்தா போன்றவர்கள் அந்த வட்டத்தைச் சேர்ந்தவர்கள். பலர் ஆசிரியத் தொழில் செய்தவர்கள். அந்த இதழுக்கு விலையே கிடையாது. இலவசமாகக் கொடுத்தார்கள். அதிலிருந்து ஓர் இயக்கமே கிளம்பிற்று. 1974-ல் வந்த மேத்தாவின் "கண்ணீர்ப் பூக்கள்" பதிப்புக்கு மேல் பதிப்பாக விற்றது. சிற்பி 2003-லும், மேத்தா 2006-லும் சாகித்திய அகாதெமி விருது பெற்றார்கள்.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. அவர்களும் கைக்காசு போட்டவர்கள்தாம். ஆனால் யாரோ ஒருவரிடம் கட்டணம் செலுத்தி ஏமாறவில்லை. தாங்களே கூடினார்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார். குறை சொன்னார். இதழ் அச்சிடும் வேலையையும் கற்றுக்கொண்டார்கள்.

ஒரு வகுப்பில் கதை எழுதும் பிள்ளைகள் நான்கு பேர் இருந்தால் போதும். கையெழுத்துப் பத்திரிகை ஒன்று தொடங்கலாம். ஒருவர் ஆசிரியர், ஒருவர் பிழை திருத்துபவர், ஒருவர் படம் போடுபவர், ஒருவர் எல்லார் கையிலும் கொண்டு சேர்ப்பவர். பதிப்பகம் என்பது இந்த நான்கு வேலைகள்தாம். அளவு மட்டும்தான் பெரிது.

மாணவர்களை எழுத வைத்த ஆசிரியர்

பெருமாள்முருகன் எழுத்தாளர் மட்டும் அல்ல. அரசு கல்லூரியில் தமிழ் ஆசிரியராகப் பணியாற்றியவர். டாக்டர் பட்டத்துக்கு அவர் ஆராய்ந்தது ஆர். சண்முகசுந்தரத்தின் நாவல்களைத்தான். முன்னே போனவரின் தடத்தைப் பின்னே வந்தவர் தேடிப் பிடித்துக்கொண்டார்!

நாமக்கல்லில் அவர் "கூடு" என்ற பெயரில் ஆய்வுச் சந்திப்புகள் நடத்தினார். மாணவர்கள் கூடினார்கள், கட்டுரை படித்தார்கள், விவாதித்தார்கள். அந்தச் சந்திப்புகளிலிருந்து ஒரு நூல் பிறந்தது. அதன் பெயர் "சாதியும் நானும்". 32 பேர் தங்கள் சொந்த வாழ்வில் கண்டதை எழுதினார்கள். அவர்களில் அவருடைய மாணவர்கள் பலர். அவர் தொகுத்தார். 2013-ல் நாகர்கோவிலைச் சேர்ந்த காலச்சுவடு பதிப்பகம் வெளியிட்டது. பிறகு எழுத்தாளர் அம்பையின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலும் வந்தது.

கூடிப் படித்து, விவாதித்து, எழுதியவர்களின் எழுத்தை ஆசிரியர் கைப்பிடித்து அழைத்துப் போனார். பதிப்பகம் வாசலைத் திறந்தது. படைப்பிலக்கியப் பாடத்தின் கடைசி அத்தியாயம் இப்படி இருக்க வேண்டும் அல்லவா?

பதிப்பகத்துக்குள் என்ன நடக்கிறது?

பத்துப் பன்னிரண்டு கதைகள் சேர்ந்துவிட்டன. சில இதழ்களிலும் வந்துவிட்டன. அடுத்து என்ன?

முதலில் ஒரு புத்தகக் கடைக்குப் போங்கள். சரவணம்பட்டியில் பஸ் ஏறி, காந்திபுரத்தில் மாறினால், ராஜ வீதியில் விஜயா பதிப்பகம் இருக்கிறது. அலமாரிகளைப் பாருங்கள். உங்கள் கதையைப் போன்ற கதைகளை வெளியிடுவது எந்தப் பதிப்பகம் என்று குறித்துக்கொள்ளுங்கள். சமையல் புத்தகமும் ஜோதிடமும் போடுகிறவரிடம் சிறுகதையை அனுப்பிவிட்டு, "பதில் இல்லையே" என்று வருந்திப் பயன் இல்லை.

பிறகு பிரதியைத் தயார் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து, பிழை பார்த்து, பக்க எண் போடுங்கள். மூலப் பிரதியை ஒருபோதும் கொடுக்க வேண்டாம். ஒரு பக்கத்தில் கடிதம். நீங்கள் யார், என்ன எழுதியிருக்கிறீர்கள், எந்த இதழ்களில் வந்தன என்று மட்டும் எழுதுங்கள். "இது உலகின் தலைசிறந்த கதை" என்று எழுதாதீர்கள். அதைப் படிப்பவர் சொல்லட்டும்!

பதில் வர மாதங்கள் ஆகலாம். பொறுமை வேண்டும். மூன்று மாதம் கழித்து மரியாதையாக ஒரு நினைவுக் கடிதம் போடலாம்.

ஏற்றுக்கொண்டால், வேலை அப்போதுதான் தொடங்குகிறது. பதிப்பாசிரியர் படித்து, "இந்த இடம் தெளிவாக இல்லை, இந்தக் கதையை விட்டுவிடலாம்" என்பார். கோபப்படாதீர்கள். துணி தைத்த பிறகு நூல் பிசிறு வெட்டுவது போன்றது அது. ஆனால் கதையின் உயிரையே மாற்றச் சொன்னால், "வேண்டாம்" என்று சொல்லவும் எழுத்தாளருக்கு உரிமை உண்டு.

அடுத்து, பக்கங்களை வடிவமைத்து மெய்ப்பு அனுப்புவார்கள். மெய்ப்பு என்றால் அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கும் பிரதி. ஒவ்வோர் எழுத்தாகப் பாருங்கள். பிறகு அட்டைப் படம். பிறகு அச்சு. 16 பக்கம் ஒரு பாரம் என்று கணக்கு. 160 பக்கப் புத்தகம் என்றால் 10 பாரம். அதன் பிறகு பைண்டிங்.

புத்தகத்தின் பின் அட்டையில் 13 இலக்க எண் ஒன்று இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது "ஐ.எஸ்.பி.என்." எண். உலகமெங்கும் அந்தப் புத்தகத்தை அடையாளம் காட்டும் எண் அது. இந்தியாவில் அதைத் தருவது ராஜா ராம்மோகன் ராய் பெயரிலுள்ள மத்திய சர்க்கார் நிறுவனம். அதற்குக் கட்டணம் கிடையாது. இலவசம்! "ஐ.எஸ்.பி.என். வாங்க இவ்வளவு ரூபாய்" என்று யாராவது கேட்டால், இதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு சந்தோஷமான செய்தி. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதியைப் பதிப்பாளர் கல்கத்தா தேசிய நூலகத்துக்கு அனுப்ப வேண்டும். சென்னை கன்னிமாரா நூலகம் உள்பட இன்னும் மூன்று நூலகங்களுக்கும் அனுப்ப வேண்டும். அப்புச்சி சொன்ன கதை கல்கத்தாவில் பத்திரமாக இருக்கும்!

கையெழுத்துப் போடும் முன்

பதிப்பாளர் ஒப்பந்தத்தை நீட்டுகிறார். மகிழ்ச்சியில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். நிலப் பத்திரத்தைப் படிப்பது போலப் படியுங்கள்.

1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் எழுதியவருக்குப் பாதுகாப்பு. நீங்கள் கதையை எழுதி முடித்ததுமே அதன் உரிமை உங்களுடையது. பதிவு செய்தால்தான் உரிமை என்பது இல்லை. அந்த உரிமை உங்கள் வாழ்நாள் முழுவதும், அதன் பிறகு 60 ஆண்டுகளும் இருக்கும். பேரன் பேத்திக்கும் அது சொத்து!

உரிமையைப் பிறருக்கு மாற்றிக் கொடுப்பதானால் எழுத்து மூலமாகத்தான் கொடுக்க வேண்டும். எத்தனை ஆண்டுக்கு என்று எழுதாவிட்டால் 5 ஆண்டு என்று சட்டம் எடுத்துக்கொள்ளும். எந்த நாட்டுக்கு என்று எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்று பொருள். வாங்கிய உரிமையை ஓர் ஆண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தத்தில் வேறு விதமாகச் சொல்லாதவரை, அது எழுதியவருக்கே திரும்பிவிடும்.

ஆகவே ஐந்து விஷயங்களைப் பாருங்கள். எத்தனை ஆண்டு? ராயல்டி எவ்வளவு? கணக்கு எப்போது கொடுப்பார்கள்? எத்தனை பிரதி எழுதியவருக்கு இலவசம்? மொழிபெயர்ப்பு, சினிமா உரிமை யாருக்கு? "எல்லா உரிமையும் எக்காலத்துக்கும் பதிப்பாளருக்கே" என்று இருந்தால், பேனாவை மூடிவிடுங்கள்!

மகாகவி பாரதியாரின் கதை உங்களுக்குத் தெரியும். 1920-ல் தம் எழுத்துகளை எல்லாம் 40 நூல்களாக வெளியிடத் திட்டமிட்டார். நண்பர்களிடம் கடன் கேட்டு எழுதினார். பணம் சேரவில்லை. அடுத்த ஆண்டே மறைந்தார். பின்னாளில் அவர் பாடல்களின் உரிமை கைமாறிப் போயிற்று. 1949-ல் சென்னை சர்க்கார் அந்த உரிமையை வாங்கிற்று. பிறகு அது பொதுச் சொத்து ஆயிற்று. நாட்டுக்கே பாடிய கவிஞருக்கு அந்த 40 நூல்களையும் கண்ணால் காணக் கொடுத்து வைக்கவில்லை. எழுத்தின் அருமை தெரிந்தால் மட்டும் போதாது. அதன் உரிமையும் தெரிந்திருக்க வேண்டும்.

உதவி எங்கே கிடைக்கும்?

பணம் கொடுக்காமலே உதவி பெறும் வழிகள் இருக்கின்றன.

நேஷனல் புக் டிரஸ்ட் 1957-ல் தொடங்கிய மத்திய சர்க்கார் நிறுவனம். 30 வயதுக்கு உட்பட்ட இளம் எழுத்தாளர்களுக்காக 2021-ல் "யுவா" என்ற திட்டம் அதன் பொறுப்பில் வந்தது. முதல் முறை நாடெங்கும் 75 பேர் தேர்வாயினர். தேர்வாகிறவருக்கு மூத்த எழுத்தாளர் ஒருவர் வழிகாட்டுவார். ஆறு மாதம், மாதம் ரூ.50,000 உதவித் தொகை. நூல் வெளியானால் நூற்றுக்குப் பத்து ராயல்டி. தமிழிலும் எழுதலாம். அறிவிப்பு எல்லா ஆண்டும் வருவதில்லை, கவனித்துக்கொண்டிருக்க வேண்டும்.

சாகித்திய அகாதெமி 2011 முதல் "யுவ புரஸ்கார்" விருது கொடுத்து வருகிறது. 35 வயதுக்கு மேற்படாதவர்களின் நூலுக்கு ரூ.50,000. தமிழக அரசின் தமிழ் வளர்ச்சித் துறை, நூல் வெளியிட வசதி இல்லாதவர்களுக்கு நிதியுதவி கொடுக்கிறது. சிறந்த நூல்களுக்குப் பரிசும் கொடுக்கிறது.

பதிப்பாளர்களை நேரில் பார்க்க வேண்டுமா? புத்தகக் காட்சிக்குப் போங்கள்! சென்னையில் 1977 முதல் நடக்கிறது. ஈரோட்டில் 2005 முதல் நடக்கிறது. கோவையில் 2015 முதல் கொடிசியா வளாகத்தில் நடந்துவருகிறது. எல்லாப் பதிப்பாளர்களும் ஒரே கூரையின் கீழ் இருப்பார்கள். கூட்டம் இல்லாத காலை வேளையில் போய், "உங்களுக்குப் பிரதியை எப்படி அனுப்ப வேண்டும்?" என்று கேளுங்கள். நோட்டைக் கையில் திணிக்காதீர்கள். முகவரி கேட்டு வாருங்கள்.

எழுத்தாளர்களைப் பார்க்கவும் கோவையில் வாய்ப்பு உண்டு. 2010 முதல் விஷ்ணுபுரம் விருது விழாவை டிசம்பர் மாதத்தில் கோவையில் நடத்துகிறார்கள். எழுத்தாளரும் வாசகரும் நேருக்கு நேர் பேசும் அரங்குகள் அங்கே நடக்கின்றன. ஒரு மூலையில் உட்கார்ந்து கேட்டாலே போதும். ஒரு வருடப் பாடம் இரண்டு நாளில் கிடைக்கும்.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை

"கதை எழுதினால் சோறு போடுமா?" என்று கேட்கும் பெற்றோர் உண்டு. நியாயமான கேள்விதான். முதலில் சோறு போடாது. நாஞ்சில் நாடன் கம்பெனி வேலை பார்த்துக்கொண்டே எழுதினார். மேத்தாவும் சிற்பியும் பெருமாள்முருகனும் பாடம் நடத்திக்கொண்டே எழுதினார்கள். படிப்பும் வேலையும் ஒரு கையில். எழுத்து மறு கையில்.

ஆனால் எழுதத் தெரிந்த பிள்ளைக்குப் பிழைக்க வழி இல்லாமல் போகாது. பிழை திருத்துபவர், பதிப்பாசிரியர், மொழிபெயர்ப்பாளர், அட்டை ஓவியர், பக்கம் வடிவமைப்பவர், விற்பனையாளர் என்று புத்தக உலகில் எத்தனையோ நாற்காலிகள் இருக்கின்றன. எழுத்தாளருடையது அவற்றில் ஒன்று.

இப்போது அந்த லேத்துப் பட்டறை அப்பாவின் வீட்டுக்குத் திரும்புவோம். அவர் கேட்டாரே ஒரு கேள்வி! அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. பெண் அந்தச் செய்திக்கு, "என் கதைகளில் எது உங்களுக்குப் பிடித்தது? ஏன்?" என்று ஒரு வரி எழுதிக் கேட்கட்டும். படித்திருந்தால் பதில் வரும். படிக்கவில்லை என்றால் மறுபடியும் கட்டண விவரம்தான் வரும்! அந்த ஒரு வரியில் குட்டு வெளிப்பட்டுவிடும்.

பிறகு பதினோரு கதைகளில் நல்லதாக ஒன்றைப் பொறுக்கட்டும். திருத்தி எழுதட்டும். ஓர் இதழுக்கு அனுப்பட்டும். அதற்கு ஆகும் செலவு தபால் தலை மட்டுமே. மின்னஞ்சல் என்றால் அதுவும் இல்லை.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு நோட்டு இருக்கக்கூடும். சாப்பாடு முடிந்ததும் பிள்ளையைக் கூப்பிடுங்கள். "எங்கே, ஒரு கதையைப் படி கண்ணு, கேட்போம்" என்று சொல்லுங்கள். அப்புச்சியும் கூட உட்காரட்டும். அந்தப் பிள்ளைக்கு முதல் வாசகர்கள் நீங்கள்தாம். அதற்கு ஒரு காசும் செலவு இல்லை!